60 நாள் வீட்டுப் பயிற்சித் திட்டம் பாதியில் நிற்கிறது: வீவக வீட்டில் தினமும் தொடர்வது எப்படி?

செங்காங்வாசி கேட்டது:

வணக்கம். வீடியோவைப் பார்த்துச் செய்யும் 60 நாள் திட்டம் ஒன்றைப் பின்பற்றுகிறேன். வாரத்துக்கு 6 நாள், நாளொன்றுக்கு 40 முதல் 50 நிமிடம். ஜம்பிங் ஜாக், பர்பி, ஹை நீ (முட்டியை உயர்த்தி நின்ற இடத்தில் ஓடுவது), ஸ்குவாட் ஜம்ப் என்று பாதிக்கு மேல் குதிப்புதான். கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் மூன்றாவது வாரம் வந்தால் உடம்பு ஒத்துழைப்பதில்லை. ஒரு நாள் விட்டால் அடுத்த நாளும் போய்விடுகிறது.

விவரம்: வயது 34, எடை 78 கிலோ. ரத்த அழுத்தம், சர்க்கரை கிடையாது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்கில் எட்டாவது மாடி, நான்கறை வீடு, ஹால் தரை டைல்ஸ். கீழ்வீட்டில் கைக்குழந்தை. எனக்குக் கிடைக்கும் நேரம் காலை 6 மணி, அல்லது இரவு 9:30க்குப் பிறகு. தேசிய சேவைக்கான உடற்தகுதித் தேர்வான ஐபிபிடியும் முடிக்க வேண்டும். இரண்டு கெண்டைக்கால் எலும்பின் உள்பக்கமும் வலிக்கிறது.

இவ்வளவு கடினமான பயிற்சியைத் தினமும் செய்யலாமா? குதிக்காமல் அதே பலன் கிடைக்குமா? நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

கம்பிப்பயிற்சி எழுதியது:

தம்பி, மூன்றாவது வாரத்தில் நிற்பதை மனவுறுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வகைத் திட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் முட்டும், அதற்குக் காரணம் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் மூச்சு பழகிவிடும், தசையும் வேலையைக் கற்றுக்கொள்ளும். அதனால் முன்பைவிட வேகமாகச் செய்ய முடியும், செய்தும்விடுவீர்கள். ஆனால் தசைநாணும் கால் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அவற்றுக்கு மாதக்கணக்கு ஆகும். அத்துடன் பழக்கமில்லாத வேலைக்குப் பிறகு வரும் தசைவலி உச்சத்துக்குப் போவது 24 முதல் 72 மணி நேரத்துக்குள். திங்கட்கிழமை ஸ்குவாட் ஜம்ப் செய்த தொடைக்கு, வலி உச்சத்தில் இருக்கும்போதே செவ்வாயும் புதனும் அதே வேலையைக் கொடுத்தால் கடன் ஏறிக்கொண்டேதான் போகும்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். 45 நிமிடம் முழுவேகம் என்பது யாராலும் முடியாது. 1996ல் ஜப்பானில் இசுமி தபாடாவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் 20 நொடி வேலை, 10 நொடி ஓய்வு, 7 அல்லது 8 சுற்று. மொத்தம் சுமார் 4 நிமிடம். அதுவும் நிலைச் சைக்கிளில், உடற்கல்வி படிக்கும் இளைஞர்களை வைத்துச் செய்தது. 4 நிமிடத்தில் அவர்கள் ஓய்ந்துபோனார்கள். 45 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் உடம்பு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது முழு வேகமும் அல்ல, ஓய்வும் அல்ல. ஆறு நாளும் நடுத்தரமான களைப்பு.

ஆகவே தினமும் அசையுங்கள், ஆனால் வாரத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் மட்டும் கடினமாகச் செய்யுங்கள். உங்கள் வாரத்தை நான் இப்படி அமைப்பேன்:

திங்கள், கடின நாள். 8 நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். பிறகு 30 நொடி வேலை, 60 நொடி மெதுநடை, 10 சுற்று. கடைசிச் சுற்றையும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ஆரம்பத்தில் கொட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

செவ்வாயும் வெள்ளியும் வலுப் பயிற்சி, 35 நிமிடம். புஷ்-அப், ஸ்குவாட், ஒற்றைக்கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பை உயர்த்துவது), பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது), அத்துடன் இழுக்கும் பயிற்சி ஒன்று. கடைசியாகச் சொன்னதை யாரும் கவனிப்பதில்லை. கருவியில்லாத வீடியோ திட்டங்கள் பெரும்பாலும் தள்ளும் வேலையாகவே இருக்கும், முதுகுக்கு அதிகம் இராது. சிலருக்குத் தோள் வலிக்க ஆரம்பிக்கலாம். புளோக்குக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலையில் இடுப்பளவுக் கம்பியைப் பிடித்து, அடியில் சாய்ந்து மார்பைக் கம்பிக்கு இழுங்கள். 8 முறை வீதம் 4 செட். மழை பெய்திருந்தால் துணியொன்று கொண்டுபோங்கள், ஈரக் கம்பி கையை வழுக்கும்.

புதனும் ஞாயிறும் 40 நிமிட வேக நடை. பூங்கா இணைப்புப் பாதை பக்கத்திலேயே இருக்குமே. வியாழன் ஓட்டம், இது இரண்டாவது கடின நாள். சனிக்கிழமை ஆசைக்கு அந்த வீடியோவைப் போடுங்கள், ஆனால் 10க்கு 7 என்ற அளவில்.

அளவு தெரிய: 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்ச இதயத்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். உங்களுக்கு 184. கடின நாளில் 156 முதல் 166 வரை போகலாம். நடை நாளில் 129ஐத் தாண்டக் கூடாது. கைக்கடிகாரம் இல்லையா, பேசிப் பாருங்கள். நடை நாளில் முழு வாக்கியம் பேச வர வேண்டும். கடின நாளில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரக் கூடாது. நான்காவது வாரம் எல்லாவற்றிலும் செட் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அது சோம்பல் வாரம் அல்ல, திட்டத்தில் ஒரு பகுதி.

கீழ்மாடிக்காரி எழுதியது:

சத்தத்தைப் பத்தி நான் சொல்றேன். கீழ்வீட்டுக்குக் கேக்கறது காத்து வழியா வர்ற சத்தம் இல்ல. கான்கிரீட் தளமே அதிர்ந்து அது வழியா இறங்கற தொம் தொம் சத்தம். அதனாலதான் 6 மில்லிமீட்டர் யோகா பாய் போட்டும் பயன் இல்ல. அது முழங்கைக்கும் முட்டிக்கும் மெத்துனு இருக்கும், 78 கிலோ குதிச்சு விழற வேகத்தை அதால வாங்க முடியாது. ரப்பர் ஓடு 15 முதல் 20 மில்லிமீட்டர் தடிமன்ல வாங்கி, அதுக்குக் கீழ வேற வகை மெத்தை ஒரு அடுக்கு போட்டா கூர்மையான தட்டல் குறையும். அடித்தொனி தொம் சத்தம் அப்பவும் கீழ்வீட்டுக்குக் கொஞ்சம் கேக்கும். சும்மா வித்தை காட்டறவங்க பேச்சை நம்பி நூத்துக்கணக்குல செலவு பண்ணாதீங்க.

இடம் மாத்தறதுக்குக் காசே வேண்டாம். ஹால் நடுவுலதான் தளம் அதிகமா அதிரும். சுவரும் தூணும் சேர்ற மூலைப் பக்கமா வந்தா அதிர்வு குறையும். கைக்குழந்தை எந்த அறையில தூங்குதுனு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு மேல நேரா இல்லாத அறையைப் பாருங்க. ஒருதடவை கீழ போயி பேசிட்டு வாங்க, எந்த நேரத்துல செய்யறீங்கனும் சொல்லிடுங்க. புகார் வந்த பிறகு பேசறதைவிட இது எவ்வளவோ மேல்.

வீவக கேட்டுக்கொள்ற அமைதி நேரம் இரவு 10:30லேர்ந்து காலை 7 வரைக்கும். அண்டைவீட்டு இரைச்சலை ஆராய்ஞ்ச சமூக ஆலோசனைக் குழு 2022ல அதை இரவு 10லேர்ந்து காலை 8 வரைக்கும்னு நீட்டச் சொல்லிச்சு. காலை 6 மணி இதுக்குள்ளேயே விழுது, இரவு 9:30க்குத் தொடங்கினா முடியறதுக்குள்ள 10 தாண்டிடும். அதனால வீட்டுக்குள்ள குதிப்பே வேண்டாம்னு முடிவு பண்ணிடுங்க. பலன் குறையாது, மூச்சு வாங்கற மாதிரி மாத்திக்கலாம்:

ஜம்பிங் ஜாக்குக்குப் பதிலா ஒவ்வொரு காலா பக்கவாட்டுல எடுத்து வைங்க, கை முழுசா மேல போகணும், ஒவ்வொரு அடியிலயும் அரை ஸ்குவாட். பர்பிக்கு, கையைத் தரையில ஊன்றி ஒரு கால், அப்புறம் மறு கால்னு பின்னால வெச்சு, ஒரு புஷ்-அப், அதேமாதிரி முன்னால வந்து கையைத் தூக்கி நுனிக்கால்ல எழும்புங்க. குதிப்பு மட்டும்தான் இல்ல. ஸ்குவாட் ஜம்ப்புக்கு 3 நொடியில இறங்கி, கீழ 1 நொடி நின்னு, சட்டுனு எழுந்திருங்க. 12 செஞ்சாலே தொடை பத்திக்கும். முதுகுப்பைக்குள்ள 5 கிலோ அரிசிப் பையை வெச்சுக்கிட்டா இன்னும் கடினம். மவுண்டன் கிளைம்பருக்கு ரெண்டு பாதத்துக்கும் கீழ சின்னத் துண்டைப் போட்டு, கையை ஊன்றி, முட்டியை மாத்தி மாத்தி மார்புப் பக்கமா டைல்ஸ்ல வழுக்கி இழுங்க. டைல்ஸ் தரை நமக்கு உதவறது இதுல ஒண்ணுலதான். ஹை நீக்கு மட்டும் நல்ல மாற்று வீட்டுல இல்ல. அதைப் படிக்கட்டுல வெச்சுக்குங்க. நாலு மாடி வேகமா ஏறி, லிப்டுல இறங்கி, திரும்ப ஏறுங்க. இறங்கும்போது நடந்தா முட்டிக்குச் சுமை, அதுக்குத்தான் லிப்டு.

ஒரு எச்சரிக்கை. டைல்ஸ்ல வேர்வை சொட்டினா சோப்புத் தண்ணி மாதிரி வழுக்கும். பக்கத்துலயே துணி இருக்கணும், ஒவ்வொரு ஓய்வுலயும் துடைக்கணும்.

முழங்கால்அக்கா எழுதியது:

மேலே இருவரும் சொன்னதைத் தொடங்குமுன் அந்தக் கெண்டைக்கால் வலியைக் கவனிக்க வேண்டும். விரலால் அழுத்திப் பாருங்கள். கால் எலும்பின் உள்ஓரமாக, கணுக்காலுக்கு மேலே 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவி வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ், அதாவது அதிகச் சுமையால் கால் எலும்பு ஓரம் எரிச்சலடைவது. சுமையைக் குறைத்தால் ஆறும். ஒரு விரல்நுனி அளவுள்ள ஒரே புள்ளியில் சுருக்கென்று வலிப்பது, இரவில் படுத்திருக்கும்போது வலிப்பது, ஒற்றைக்காலில் ஒருமுறை மெல்லக் குதித்தாலே அதே இடத்தில் வலிப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கக்கூடும். அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. பலதுறை மருந்தகத்திலோ வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ காட்டுங்கள். அதுவரை ஓட்டமும் குதிப்பும் வேண்டாம்.

பரவலான வலிதான் என்றால்: இரண்டு வாரம் குதிப்பையும் ஓட்டத்தையும் நிறுத்துங்கள், நடை வலிக்கவில்லை என்றால் நடக்கலாம், சைக்கிளும் நீச்சலும் தாராளம். அந்த இரண்டு வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு பயிற்சி. முதலாவது, படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி 3 நொடியில் இறக்குவது, 15 முறை வீதம் 3 செட். முதல் வாரம் இரு காலாலும், சுலபமானதும் ஒற்றைக்காலால். அதையே முட்டியை லேசாக மடக்கி இன்னும் 2 செட் செய்யுங்கள், ஆழத்தில் இருக்கும் தசைக்கு அப்போதுதான் வேலை. இரண்டாவது, சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்குவது, 20 முறை வீதம் 3 செட்.

வலி ஏன் வந்தது என்பதும் முக்கியம். வெறுங்காலோடு டைல்ஸ் மேல் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான குதிப்பு. வீட்டுக்குள் காலணி போடுவது நம் வழக்கம் இல்லைதான். பயிற்சிக்கென்றே வெளியே போடாத ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குதிப்புக்குத் திரும்பும்போது, பாதத்தின் முன்பகுதி முதலில், பிறகு குதிகால், முட்டி மடிந்து சத்தமில்லாமல் இறங்க வேண்டும். கீழ்மாடிக்காரி சொன்ன சத்தமும் முட்டிக்குப் போகும் அடியும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு 30 குதிப்பில் தொடங்கி வாரத்துக்கு 10, 15 கூட்டுங்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் முழுத் திட்டத்தையும் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தசை வீங்கிக் கையையோ காலையோ மடக்க முடியாமல் போனாலோ அது சாதாரண உடம்புவலி அல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு வந்தாலும் அப்படியே.

ஓட்டத்தடம் எழுதியது:

ஐபிபிடிக்காக எழுதுகிறேன். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை ஹால் பயிற்சியால் மட்டும் தேற்ற முடியாது. மூச்சு உதவும், கால் உதவாது. கால் வலி போன பிறகு, வியாழன்தோறும் தடகளத் திடலில் 400 மீட்டர் வீதம் 6 சுற்று, ஒவ்வொன்றுக்கும் இடையே 90 நொடி நடை. 12 நிமிடத்தில் முடிக்க இலக்கு என்றால் ஒரு சுற்று 2 நிமிடம். முதல் சுற்றை 1:45ல் ஓடிவிட்டு ஐந்தாவதில் உட்காருபவர்களைத்தான் திடலில் அதிகம் பார்க்கலாம். ஆறும் ஒரே நேரத்தில் வந்தால் அடுத்த வாரம் நடையை 75 நொடியாகக் குறையுங்கள், ஓட்டத்தைக் கூட்டாதீர்கள்.

புஷ்-அப்புக்கு: ஒரு நிமிடத்தில் உங்களால் 25 முடியும் என்றால் 15 வீதம் 5 செட், இடையில் 90 நொடி. வாரம் ஒன்று கூட்டுங்கள். தேசிய சேவையாளருக்குத் தேர்ச்சி 51 புள்ளி, ஊக்கத்தொகை 61லிருந்து, வெள்ளி 75, தங்கம் 85. ஓட்டத்துக்கு 50 புள்ளி வரை, புஷ்-அப், சிட்-அப் இரண்டுக்கும் தலா 25 வரை. எங்கே நேரத்தைப் போட வேண்டும் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

வெப்பம் பற்றியும் ஒரு சொல். இங்கே விடியற்காலையில் வெப்பம் குறைவு, ஆனால் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். வேர்வை கொட்டும், காயாது, உடம்பு குளிராது. வீட்டுக்குள் செய்தால் மின்விசிறி நேராக உடம்பின் மேல் அடிக்கும்படி நிறுத்துங்கள், கூரைவிசிறி போதாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் அதைச் சிறுகச் சிறுக நிரப்புங்கள். பகலில் வெளியே ஓடுவதென்றால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பாருங்கள். அது சாதாரண வெப்பநிலை அல்ல, ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்த அளவு. 33 பாகையும் அதற்கு மேலும் உயர்நிலை. அன்று ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் வலுப் பயிற்சி செய்யலாம்.

செங்காங்வாசி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்னபடி அழுத்திப் பார்த்தேன். பரவலாகத்தான் வலிக்கிறது, ஒரே புள்ளி இல்லை. நாள் தவறுவதற்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்களேன். செவ்வாயும் வெள்ளியும் நான் சைவம், வெள்ளி காலை சாப்பிடுவதும் இல்லை. அந்த இரண்டு நாளில்தான் வலுப் பயிற்சி போட்டிருக்கிறீர்கள்.

கம்பிப்பயிற்சி எழுதியது:

சைவம் ஒரு தடையே இல்லை. வலுப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்றால் உங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 94 முதல் 125 கிராம். இட்லியும் சாம்பாருமாக மூன்று வேளையும் போனால் பாதிகூடத் தேறாது, அது உண்மை. ஆனால் சந்தையில் கிடைக்கும் தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் இருக்கிறது, பனீர் 100 கிராமில் 18, தௌக்வா (கெட்டியான தோஃபு) 100 கிராமில் 12 அல்லது அதற்கு மேல், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9, ஒரு கிளாஸ் பாலில் 8. மதியம் 150 கிராம் தெம்பே, இரவு 150 கிராம் பனீர், இடையில் சுண்டலும் பாலும் என்றால் எழுபதைத் தாண்டிவிடும். மிச்சம் பருப்பிலும் தயிரிலும் சேரும். தெம்பேயை எண்ணெயில் மூழ்கப் பொரிக்காமல் தோசைக்கல்லில் புரட்டுங்கள். வெள்ளிக்கிழமை காலை சாப்பிடாவிட்டால் பயிற்சியை இரவுக்குத் தள்ளுங்கள். வலுப் பயிற்சியில் சத்தம் இல்லை, 9:30க்குத் தாராளமாகச் செய்யலாம். இரவில் செய்யும் நாளில் மாலை கோப்பியை மட்டும் விட்டுவிடுங்கள், தூக்கம் கெட்டால் மறுநாளும் கெடும்.

நாள் தவறுவது: 21 நாளில் பழக்கம் வரும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்கு நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை வேறுபட்டது. நம் கேள்விக்கு முக்கியமானது, இடையில் ஒரு நாள் தவறியது அந்தப் பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு கெடுக்கவில்லை என்பது. அதனால் முதல் நாளுக்குத் திரும்பாதீர்கள். 60 நாள் அட்டவணையில் கட்டம் கட்டமாக அடிக்கும்போது ஒரு கட்டம் காலியானால் மொத்தமும் வீண் என்று தோன்றும், அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். வாரத்துக்கு எத்தனை முறை என்று மட்டும் எண்ணுங்கள்.

ஒன்றிரண்டு நாள் போனால், விட்டதைச் சேர்த்துச் செய்யாமல் அன்றைய வேலையோடு தொடருங்கள். ஒரு வாரம் போனால் கடைசியாக முடித்த வாரத்தையே மறுபடி செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் இரண்டு வாரம் பின்னால் போய், பாதி செட்டில் தொடங்குங்கள். காய்ச்சல் இருந்தால் எதுவும் வேண்டாம்.

தினமும் செய்ய ஒரு குறைந்தபட்ச அளவையும் இப்போதே எழுதி வையுங்கள்: 10 ஸ்குவாட், 10 புஷ்-அப், 30 நொடி பிளாங்க், இரண்டு சுற்று. 6 நிமிடம் ஆகாது. ஓவர்டைம் முடிந்து வீடு வரும் நாளில் அதைச் செய்துவிட்டுப் படுங்கள், அந்த நாளும் கணக்கில் சேரும். எப்போது என்பதை மணியோடு கட்டாமல் ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு கட்டுங்கள். பல் தேய்த்ததும், அல்லது வேலையுடை மாற்றியதும். பாயைச் சுருட்டி அலமாரிக்குள் வைக்காமல் விரித்த இடத்திலேயே விட முடிந்தால் இன்னும் நல்லது.

கீழ்மாடிக்காரி எழுதியது:

மழை நாள்ல கீழ இருக்கற கம்பிக்குப் போக முடியாது, அதுக்கு ஒண்ணு. இழுவை ரப்பர் பேண்டும் கதவு ஆங்கரும் வாங்கி வெச்சுக்குங்க. ஆங்கரைக் கீல் இருக்கற பக்கமா, கதவு உங்களை நோக்கித் திறக்கற பக்கம் நிக்காம, இழுத்தா இன்னும் இறுக்கமா மூடற பக்கமா நின்னு மாட்டுங்க. தாழ்ப்பாளும் போட்டிருக்கணும். மாறிப் போட்டா பேண்டு இழுக்கற வேகத்துல கதவு திறந்து முகத்துல அடிக்கும். குளியலறை மடிப்புக் கதவுல மாட்டவே மாட்டாதீங்க, அது கழண்டு வந்துடும். பேண்டை ஒவ்வொரு தடவையும் நீட்டிப் பாருங்க. நம்ம ஊர் வெயில்ல ஜன்னலோரம் கிடந்தா ரப்பர் வெடிச்சுப்போகும், மயிரிழை மாதிரி ஒரு கீறல் தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுடுங்க.